பெங்களூரில் கிரைசோகோரிஸ் தேடுவது எப்படி?

பச்சையாக மின்னுகிற பூச்சி எது கண்ணில் பட்டாலும் "பொன்வண்டு"தான் நமக்கு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன், சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் வளர்த்த பழக்கம். ஆனால் அப்படி மின்னுகிற கிரைசோகோரிஸ் என்ற பூச்சி வண்டே இல்லை, மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம் (அல்சூரில் என் வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டார்).

முதலில் செடியைக் கண்டுபிடியுங்கள். காட்டாமணக்கு, அதாவது கிள்ளினால் வரும் பாலில் நாம் குமிழி ஊதுவோமே, அதே செடி. கன்னடத்தில் கேட்பதானால் 'காடு ஹரளு'. ஊருக்கு வெளியே காலி சைட் வேலிகளில் பாருங்கள், காய் பிடித்திருந்தால் நல்லது, ஏனென்றால் கிரைசோகோரிஸ் பர்ப்யூரியஸ் என்ற இனம் அந்தக் காயில்தான் ஊசி மூக்கைக் குத்திச் சாறு குடிக்கும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் ஒரு கண் இருக்கட்டும், அந்த விதை விஷம்.

பூச்சி கிடைத்துவிட்டதா, சரி, முதுகைப் பாருங்கள். வண்டென்றால் நடுமுதுகில் நேர்கோடு ஒன்று ஓடும், இரண்டு கெட்டி இறக்கைகளும் வந்து சேருகிற இடம் அது. இதற்கு அந்தக் கோடு கிடையாது. ஒரே தகடு வளர்ந்து, கவிழ்த்த கிண்ணம் மாதிரி வயிறு முழுவதையும் மூடியிருக்கும், இறக்கையெல்லாம் அதற்கு அடியில். பளபளக்கும் பச்சையிலோ நீலத்திலோ கறுப்புப் புள்ளிகள் இருக்கும். இன்னும் சந்தேகமா? கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கீழிருந்து பாருங்கள், ஊசி மூக்கு நெஞ்சோடு மடிந்து கிடக்கும். கையால் நசுக்கிவிடாதீர்கள், நாற்றம் லேசில் போகாது.

பக்கத்திலேயே இறக்கை இல்லாத குஞ்சுகள் கும்பலாக இருக்கலாம். வேறு பூச்சி என்று விட்டுவிடாதீர்கள், ஐந்து முறை தோல் உரித்த பிறகுதான் அந்த முதுகுத் தகடு முழுசாக வரும்.

போட்டோவை அங்கேயே, ஃபிளாஷ் இல்லாமல், பக்கவாட்டில் கொஞ்சம் சாய்த்து எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக எடுக்கலாம் என்று செத்துக் கிடந்த ஒன்றை நான் டப்பாவில் வைத்தேன், மறுவாரம் திறந்தால் பச்சை போய்க் கறுத்திருந்தது. அந்த மினுமினுப்பு சாயம் இல்லை, ஓட்டிலுள்ள மெல்லிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவது. ஈரம் வற்றினால் நிறமும் மாறிவிடும்.