முருங்கை வளர்ப்பது எப்படி? முதல் மரம் வைப்பவர்களுக்கு

தோட்டத்தில் முதல்முறையாக ஒரு மரம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்டால், யோசிக்காமல் முருங்கை என்றுதான் சொல்வேன். வெயிலைத் தாங்கும், சத்து குறைந்த மண்ணிலும் வரும், வேர் பிடித்த பிறகு பத்து நாள் தண்ணீர் விட மறந்தாலும் வாடி விழாது. வருடம் ஒருமுறை மனதைத் திடப்படுத்திக்கொண்டு வெட்டிவிட வேண்டும், பெரிய வேலை அது ஒன்றுதான்.

முதலில் இடம். நாள் முழுக்க வெயில் படும் இடமாகப் பாருங்கள், நிழலில் வைத்தால் நெடுநெடுவென்று வளருமே தவிர சரியாகப் பூக்காது. சுவர், கூரை, மின்கம்பி பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ‘முருங்கை பருத்தால் தூணாகுமா’ என்று சும்மா சொல்லவில்லை, கட்டை அவ்வளவு மென்மை, பலமான காற்றில் கிளை படக்கென்று முறியும். மழைத்தண்ணீர் தேங்கும் இடம் என்றால் மண்ணைக் குவித்து ஒரு அடி மேடாக்கி அதில் வையுங்கள், ஏனென்றால் இந்த மரத்தைக் கொல்வது பெரும்பாலும் வறட்சி இல்லை, வேரில் நிற்கும் தண்ணீர்தான்.

அடுத்து, போத்தா விதையா? நன்றாகக் காய்க்கிற மரத்திலிருந்து 3 முதல் 5 அடி நீளத்தில், கை மணிக்கட்டு மொத்தத்தில் முற்றிய கிளையை வெட்டி வைத்தால் அது போத்து. அதே மரத்தின் காய், அதே ருசி கிடைக்கும். ஒன்றரை அடி ஆழமும் அகலமும் உள்ள குழியில் மேல்மண்ணோடு மட்கிய சாணத்தைக் கலந்து போட்டு, போத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நட்டு, சுற்றிலும் நன்றாக மிதித்து விடுங்கள். மேல்நுனியில் சாணமோ களிமண்ணோ அப்பிவிட்டால் வெட்டுவாய் காயாது. விதை என்றால் ஒரு அங்குல ஆழம் போதும், ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். பழைய விதை சரியாக முளைக்காது, அதனால் அந்த வருடத்து விதையாக வாங்குங்கள். விதைக் கன்றுக்கு ஆணிவேர் இறங்கும் என்பதால் காற்றையும் வறட்சியையும் போத்தைவிட நன்றாகத் தாங்கும்.

முதல் இரண்டு மாதம் மண் லேசாக ஈரமாக இருக்கும்படி தண்ணீர் விடுங்கள். அப்புறம் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு விட்டால் போதும். உரம், வருடத்துக்கு ஒரு கூடை மட்கிய சாணம். யூரியா மாதிரித் தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை மட்டும்தான் மண்டும்.

விதையில் வந்த கன்று இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் வெடித்து, காய் கைக்கு எட்டும் உயரத்தில் கிடைக்கும்.

மழைக்காலத்தில் மட்டும் அடிமரத்தை அடிக்கடி பாருங்கள். கம்பளிப்பூச்சி பகலில் அங்கே கூட்டமாக அப்பிக்கொண்டு இருக்கும், இரவில் மேலே ஏறி இலையைத் தின்னும். வெறுங்கையால் தொடாதீர்கள், அரிப்பு தாங்காது. நீளமான துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் தள்ளிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

சரி, கவாத்துக்கு, அதாவது முதலில் சொன்ன அந்த வருடாந்திர வெட்டுக்கு வருவோம். என் முதல் மரத்தை வெட்ட மனசு வராமல் மூன்று வருடம் விட்டேன், காய் எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது, ஒரே காற்றில் பாதி மரம் முறிந்து விழுந்தது. இப்போது காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 3, 4 அடி விட்டு, மழைத்தண்ணீர் வழிந்து போகும்படி சாய்வாக வெட்டிவிடுகிறேன். மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சில வாரங்களிலேயே கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அதில் திடமான நான்கைந்தை மட்டும் நான்கு பக்கமும் பரவுகிற மாதிரி விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிச் சமைத்துவிடுங்கள். வெட்டிய கிளைகளில் மணிக்கட்டு மொத்தத்தில் இருப்பவற்றை எறிந்துவிட வேண்டாம், மேலே சொன்ன போத்து அதுதான். கேட்கிறவர்களுக்குக் கொடுக்கும்போது எந்தப் பக்கம் அடி, எந்தப் பக்கம் நுனி என்று அடையாளம் வைத்துக் கொடுங்கள், தலைகீழாக நட்டால் வராது.