எண்டோமெட்ரியோசிஸ் தரும் சோர்வைப் பற்றிப் பேசும்போது செய்யக்கூடாத தவறுகள்

"டயர்டா இருக்கு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் பெரிய தவறு. "எனக்கும்தான்" என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நானும் பல வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கணவரிடம், "ராத்திரி முழுக்கத் தூங்கித்தான் எழுந்தேன். தலை சீவக் கையைத் தூக்கினால் பாதியிலேயே கை தொய்ந்துவிடுகிறது. ஒரு பக்கம் சீவிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். அவர் என் கையிலிருந்த சீப்பைப் பார்த்தார். அதற்குப் பிறகு "நல்லாத் தூங்கினா சரியாயிடும்" என்று அவர் சொன்னதே இல்லை. சோர்வு உங்களை எந்த வேலையில் பாதியில் உட்கார வைத்தது என்று சொல்லுங்கள், அது போதும்.

அதற்காக மருத்துவப் பாடமும் எடுக்க வேண்டாம். கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்கிறது, அதனால் உடம்புக்குள் அழற்சி ஓயாமல் நடக்கிறது, வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, உதிரப்போக்கு அதிகமானால் இரும்புச்சத்தும் குறைகிறது. இவ்வளவு சொன்னால் போதும். நம்பாதவரிடம், கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது என்று சொல்லலாம்.

அப்புறம், கொஞ்சம் தெம்பு வந்த நாளில் தேங்கிய வேலையை எல்லாம் இழுத்துப்போட்டுச் செய்வது. அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். பார்ப்பவர்களுக்கோ "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்றுதான் தோன்றும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தெம்பாக இருக்கும்போதே, "இன்னிக்கு முடியுது, நாளைக்கு முடியாமல் போகலாம்" என்று சொல்லிவையுங்கள். சண்டைக்கு நடுவில் சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

"கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க" என்று கேட்பதிலும் பயனில்லை. "இந்த வாரம் துணி துவைக்கிறதை நீங்க பார்த்துக்கோங்க" என்றால் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் நோயின் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை, எந்த நேரத்து வேலையை மாற்ற வேண்டும் என்பதைக் கேளுங்கள்.

டாக்டரிடம் மட்டும் எதையும் சுருக்காதீர்கள். "இந்த நோய்க்கு இப்படித்தான் இருக்கும்" என்று நாமே முடிவுகட்டினால், ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ கண்ணில் படாமல் போய்விடலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பில் இரும்பின் இருப்பு குறைந்திருக்கலாம். அந்த இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். எந்தெந்தத் தேதியில் எழுந்திருக்கவே முடியவில்லை என்று குறித்துக் கையோடு கொண்டுபோங்கள்.