உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கைமாற்றியது யார்?

ஓர் இடத்தில்தான் முகவரியைக் கொடுத்திருப்போம். நாலு நாளில் முன்பின் தெரியாத நிறுவனங்கள் எல்லாம் நம் பெயரைச் சொல்லியே மின்னஞ்சல் அனுப்பும். கசிந்தது எங்கிருந்து என்று பிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது.

ஜிமெயில் முகவரியில் @ குறிக்குச் சற்று முன்னால் ஒரு + குறியும், அந்த நிறுவனத்தைக் குறிக்கும் ஒரு சொல்லும் ஆங்கில எழுத்தில் சேர்த்துக் கொடுங்கள் (ungalpeyar+seruppu@gmail.com என்பது போல). புதுக் கணக்கு எதுவும் வேண்டாம், அஞ்சல் வழக்கமான பெட்டிக்கே வரும். செருப்புக் கடைக்கென்று கொடுத்த முகவரிக்குக் காப்பீட்டு விளம்பரம் வந்தால், 'பெறுநர்' வரியைப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்! அந்த முகவரிக்கு வருவதெல்லாம் நேரே குப்பைக்குப் போக ஒரு ஃபில்டர் போட்டுவிடலாம்.

சில படிவங்கள் + குறியை ஏற்காது. விவரம் தெரிந்த விளம்பரக்காரர்கள் + குறியையும் அதை அடுத்த சொல்லையும் வெட்டிவிடவும் முடியும். அப்போது ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, ஆப்பிளின் 'ஹைட் மை ஈமெயில்' போன்ற சேவைகள் தரும், அஞ்சலை உங்கள் பெட்டிக்கே திருப்பிவிடும் மாற்று முகவரிகள் உதவும். தொல்லை வந்தால் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிடலாம்.

சரி, தொலைபேசி எண்ணுக்கு? அதில் இந்த வித்தை நடக்காது. படிவத்தில் நட்சத்திரக் குறி இல்லாத கட்டமென்றால் காலியாக விடுங்கள். 'எங்கள் கூட்டாளி நிறுவனங்களுடன் பகிரலாம்' என்று முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம், செயலி 'தொடர்புகள்' அனுமதி கேட்டால் யோசியுங்கள்: அதில் போவது உங்கள் எண் மட்டுமல்ல, உங்கள் அத்தை, மேலாளர், பால்காரர் எண்களும்தான்.