டார்ச்சோடு தொடங்குங்கள்: ஓர் அறைக்கு நாமே பெயிண்ட் அடிப்பது எப்படி?

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி விழும்படி அடித்துப் பாருங்கள். பகலில் வழவழவென்று தெரிந்த சுவரில் மேடு, பள்ளம், பழைய ஆணித் துளை, முன்பு யாரோ அவசரமாகப் பூசிய பட்டியின் (பள்ளம் நிரப்பும் பசை) விளிம்பு என்று எல்லாம் வெளியே வரும். புது பெயிண்ட் அடித்தால் இதெல்லாம் மறைந்துவிடும் என்றுதான் நினைப்போம். மறையாது. இரண்டு கோட் எமல்ஷன் (நீரில் கரைக்கும் சுவர் பெயிண்ட்) காய்ந்த பிறகு ஒரு தாளின் தடிமன்கூட இருக்காது. அதுவும் பளபளப்பு கூடிய பெயிண்ட் என்றால் குறைகளை இன்னும் எடுத்துக் காட்டும். அதனால் தெரிகிற இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள். நாளைய வேலைப் பட்டியல் தயார்.

சுவரைச் சோதித்தல்

முதலில் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு போல ஒட்டினால், அந்தப் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். அதன்மேல் எதை அடித்தாலும் அதோடு சேர்ந்தே உரிந்து வரும்.

அடுத்தது ஓதம். சந்தேகமான இடத்தில் ஒரு சதுர பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் என்றால் அறைக் காற்றில் ஈரம் அதிகம். காற்றோட்டம் கொடுத்தால் போதும். நான் ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்யாமல், சுவரில் உப்பு பூத்த இடத்தைத் துடைத்துவிட்டு அப்படியே மேலே அடித்தேன். இரண்டே மாதத்தில் அந்த இடம் அப்பளம் போலப் பொரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. கசிவை நிறுத்தி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயிண்டைப் பற்றி யோசிக்க வேண்டும். புதிதாகச் சிமெண்டு பூசிய சுவர் என்றால் குறைந்தது நான்கு வாரமாவது காய விடுங்கள்.

மூன்றாவது, பழைய பூச்சு எண்ணெய் பெயிண்டா என்று பார்ப்பது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேயுங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் அது நீரில் கரைக்கும் எமல்ஷன் வகை. ஏறவில்லை என்றால் பெரும்பாலும் எண்ணெய் வகை. லேசாகச் சொரசொரப்பாக்கி, அதற்கு ஏற்ற பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் எமல்ஷன் பிடிக்காது. வீடு மிகவும் பழையது என்றால் இங்கே ஓர் எச்சரிக்கை: பழங்கால எண்ணெய் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அறவே கூடாது. அந்த வேலையை விவரம் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது

சாமான்களை நடுவில் சேர்த்து மூடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு சுவிட்ச் போர்டு மூடிகளைக் கழற்றுங்கள். சுவரைத் துடைத்துக் காய விடுங்கள்.

மயிரிழை விரிசலின் மேல் அப்படியே பட்டியைத் தடவினால் சில வாரங்களில் அதே கோடு திரும்ப வந்து நிற்கும். பட்டி பூசும் தகட்டின் முனையால் விரிசலைக் கொஞ்சம் அகலமாக்கி, தூசியைத் தட்டி, ஈரத் துணியால் ஒற்றிவிட்டு, அப்புறம் பட்டியை உள்ளே அழுத்தி நிரப்புங்கள். ஆழமான துளையை ஒரே தடவையில் நிரப்ப ஆசை வரும். வேண்டாம். பட்டி காயும்போது சுருங்கும்; மெல்லிய இரண்டு பூச்சுதான் நிற்கும்.

நன்றாகக் காய்ந்ததும் 180 எண் உப்புத்தாள், கடைசியாக 220. மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். கையால் தாளைப் பிடிக்காமல் ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால் விரல் தடம் விழாது. மறுபடியும் டார்ச். இந்த நேரத்தில் சலிப்பு வரும், ஆனால் ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான்.

பிரைமர்

பட்டி போட்ட இடம் நீரை அதிகம் உறிஞ்சும், பழைய பெயிண்ட் இருக்கும் இடம் குறைவாக உறிஞ்சும். பிரைமரைத் தவிர்த்தால் சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒரு கோட் அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் காய விடுங்கள்.

எவ்வளவு பெயிண்ட்?

10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரின் மொத்த நீளம் 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் 403. இரண்டு கோட்டுக்கு 806 சதுர அடி. ஒரு லிட்டர் ஒரு கோட்டில் சுமார் 110 சதுர அடி வரும் என்று எடுத்தால் ஏழரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எட்டாக வாங்குங்கள். உங்கள் டப்பாவில் வேறு எண் இருந்தால் அதை வைத்துக் கணக்கிடுங்கள். வேறு வேறு நாளில் கலந்த டப்பாக்களில் நிறம் மயிரிழை மாறலாம். அதனால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடுவது நல்லது.

நிறத்தைச் சின்ன அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பெரிய அட்டையில் அடித்து, காலையிலும் இரவு விளக்கிலும் வேறு வேறு சுவரில் சாய்த்துப் பாருங்கள். எமல்ஷன் பெரும்பாலும் காய்ந்ததும் ஒரு படி அடர்த்தியாகும். ஈரமாக இருக்கும்போது பார்த்துப் பயந்து கடைக்கு ஓட வேண்டாம்.

அடிக்கும் முறை

கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், சொட்டுவது எல்லாம் கீழேதானே விழும். கதவுச் சட்டம் ஓரம் மாஸ்கிங் டேப் ஒட்டி, விளிம்பை நகத்தால் அழுத்துங்கள். புது ரோலரைப் பெயிண்டில் தோய்க்கும் முன் டேப்பை அதன்மேல் உருட்டி உதிரும் பஞ்சை எடுத்துவிடுங்கள்.

இனி ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுவர். 2 அங்குல பிரஷ்ஷால் மூலை, ஓரங்களைச் சுமார் மூன்று விரல் அகலத்துக்கு அடித்துவிட்டு, அது காய்வதற்குள் ரோலரை எடுங்கள். எல்லாச் சுவரின் ஓரத்தையும் முதலில் முடித்துவிட்டு ரோலருக்கு வந்தால், காய்ந்த ஓரம் சட்டம் மாட்டினது போலத் தனியாகத் தெரியும். மூன்றடி அகலத்தில் மேலும் கீழுமாக ஜிக்ஜாக்காக உருட்டிப் பரப்பி, கடைசியில் மேலிருந்து கீழ் லேசாக இழுத்து முடியுங்கள். அடுத்த பகுதி முந்தைய பகுதியின் ஈர விளிம்பின்மேல் ஏற வேண்டும். ரோலரை அழுத்திப் பிழியாதீர்கள், சத்தம் வந்தால் பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பாதி காய்ந்த இடத்தில் குறை தெரிந்தால் கை துறுதுறுக்கும். தொடாதீர்கள், அடுத்த கோட்டில் பார்த்துக்கொள்ளலாம். நடுச்சுவரில் டீ குடிக்கப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

பொதுவாக நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட். அதுவரை ரோலரைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் கழுவ வேண்டியதில்லை. இரண்டாவது கோட் முழுதும் காய்வதற்குள் டேப்பைத் தன்மேலேயே மடித்தாற்போல் மெதுவாக இழுங்கள். காய விட்டால் பெயிண்ட் தோலும் சேர்ந்து உரியும்.

தொட்டால் ஒட்டாவிட்டாலும் படலம் முழுதாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை ஈரத் துணியால் தேய்க்க வேண்டாம். மீதியைச் சாக்கடையில் ஊற்றாமல் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி மூடி வையுங்கள். நிறத்தின் எண்ணையும் அடித்த தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சுவிட்ச் போர்டு மூடியைத் திரும்ப மாட்டும்முன் அதன் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.