டீமில் கையெழுத்துப் போடும் முன்

தம்பி, ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ உட்கார்ந்து பிஜிஎம்ஐ, வேலரன்ட் மாதிரி வீடியோ கேம் ஆடும் உங்களுக்கு, கேம் போட்டிகளில் இறங்கும் ஒரு இ-ஸ்போர்ட்ஸ் டீம் ஒப்பந்தம் அனுப்பினால், சந்தோஷத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மாதச் சம்பளம் எந்தத் தேதிக்குள் வரும், பரிசுப் பணத்தில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம், ஸ்ட்ரீமிங் வருமானம் யாருக்கு, பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. 18 வயது ஆகவில்லையா? 1872 ஒப்பந்தச் சட்டப்படி உங்கள் கையெழுத்து செல்லாது, அதனால் அப்பா அம்மாவோடு போய் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், அந்த ஃபீஸ் வீண் செலவே இல்லை.

அப்புறம், சம்பளத்தைத் தனியாகப் பேசாதீர்கள். சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வை ஆளுக்கு ஆளா போய்க் கேட்கிறார்கள்? சங்கமாகத்தான் கேட்கிறார்கள். வட அமெரிக்காவில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கேமின் ஆட்டக்காரர்கள் 2023-இல் ஒன்றுசேர்ந்து ஓட்டுப் போட்டு வெளிநடப்பு செய்ததும் சீசனே இரண்டு வாரம் தள்ளிப்போனது.

நீங்களும் எதிர் டீம் பையன்களோடு சேர்ந்து பேசுங்கள். 18 முடிந்த ஏழு பேர் இருந்தால் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில், மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். செயலாளராக, நன்றாக ஆடுகிறவரை விட, கணக்கை ஒழுங்காக எழுதி வைக்கிறவரைப் போடுங்கள்.