தலையில் அடி, கெட்டுப்போன தூக்கம்: என் அனுபவம்

வண்டியிலிருந்து விழுந்து தலையில் லேசான அடி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தலைவலி, கண் கூச்சம், படித்த வரியையே மறுபடி படிப்பது என்று வாரக்கணக்கில் இழுத்தது. நடுராத்திரியில் விழிப்பு வந்தால் அவ்வளவுதான், மறுநாள் எல்லாமே கூடிவிடும்.

மருத்துவர் முதலில் தூக்கத்தைத்தான் பிடித்தார். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்சம் நடை. பகல் தூக்கம் 30 நிமிடத்துக்குள், மதியத்துக்கு மேல் காபி கிடையாது. தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து மங்கலான விளக்கில் உட்காரச் சொன்னார். எரிச்சலான வேலை, ஆனால் அதுதான் கைகொடுத்தது. தூக்கம் சீராகச் சீராகத் தலைவலி விட்டது. கண் கூச்சம்தான் மெதுவாகப் போனது.

தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.