ஜெனரிக் மெத்தடில் காஸ்டிங்கா, மதிப்பு மாற்றமா?

சி ஷார்ப் நிரல்மொழியில் ஓர் இன்ட் மாறிக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் லாங் என்று எழுதினால், அந்த எண் லாங் ஆகிவிடுகிறது. அதே எண்ணை, எந்த வகை மதிப்பையும் ஏற்கும் ஆப்ஜெக்ட் வகை மாறி ஒன்றில் வைத்துவிட்டு அதே அடைப்புக்குறியை எழுதினாலும் கம்பைலர் மறுப்பதில்லை. ஆனால் நிரல் ஓடும்போது இன்வேலிட்காஸ்ட்எக்ஸெப்ஷன் என்ற பிழை எழுகிறது. முதலில் நடந்தது மதிப்பு மாற்றம்: 32 பிட் எண்ணைக் கொண்டு 64 பிட் எண் ஒன்று புதிதாக உருவாக்கப்பட்டது. அடுத்து நடந்தது காஸ்டிங்: பாக்ஸ் செய்யப்பட்ட (ஆப்ஜெக்டாகப் பொதியப்பட்ட) பொருள் ஏற்கெனவே லாங்தானா என்று சோதிக்கப்பட்டது, அவ்வளவுதான். ஒரே குறியீட்டுக்கு இரண்டு வேலைகளைக் கொடுத்தது, என் பார்வையில், அந்த மொழி வடிவமைப்பின் குறையே.

ஜெனரிக் மெத்தடில், அதாவது வகையை டி என்று மட்டும் குறித்து அழைப்பவரின் தேர்வுக்கு விடும் மெத்தடில், இந்தக் குறை பெரிதாகிறது. டி என்பது எந்த வகை என்று கம்பைலருக்குத் தெரியாததால், இன்ட்டை நேரடியாக டி ஆக்க அது அனுமதிப்பதில்லை. பலர் உடனே இடையில் ஆப்ஜெக்ட் என்று ஒரு காஸ்டைச் செருகி அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தபின் மிஞ்சுவது வகைச் சோதனை மட்டுமே. உங்கள் கிளாஸில் நீங்களே எழுதிவைத்த மாற்ற ஆபரேட்டர்கூட அங்கே தேடப்படாது, ஏனெனில் அந்தத் தேடல் கம்பைல் நேரத்திலேயே முடிந்துவிடுகிறது.

அமைப்புக் கோப்பிலிருந்து "30" என்ற ஸ்ட்ரிங்கைப் படித்து, கேட்ட வகையில் திருப்பித் தரும் மெத்தடை எடுத்துக்கொள்வோம். முதலில் ‘இஸ்’ கொண்டு, கையிலுள்ள மதிப்பு ஏற்கெனவே டி வகையா என்று பாருங்கள். ஆம் என்றால் அப்படியே திருப்பித் தரலாம். இல்லையென்றால் கன்வர்ட் கிளாஸின் சேஞ்ச்டைப்பை அழைக்கலாம். இன்ட், டெசிமல், டேட்டைம் போன்றவற்றுக்கு அது போதும். நல்லபிள் (மதிப்பின்றி வெறுமையாகவும் இருக்கக்கூடிய) வகைக்கும், ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) வகைக்கும், ஜியூஐடி (GUID, தனித்த அடையாளக் குறியீடு) வகைக்கும் அது கைவிரித்துவிடும். நல்லபிள் என்றால் உள்ளே இருக்கும் அடிப்படை வகையை முதலில் பிரித்தெடுத்துக் கொடுங்கள். மற்ற இரண்டுக்கும் ஸ்ட்ரிங்கைப் படித்து மதிப்பாக்கும், அவற்றுக்குரிய பார்ஸ் மெத்தடை அழையுங்கள்.

எந்த நாட்டின் எண் வழக்கையும் சாராத இன்வேரியன்ட் கல்ச்சரையும் சேர்த்து அனுப்ப மறக்க வேண்டாம். ஜெர்மன் மொழி அமைப்புள்ள கணினியில் புள்ளி என்பது ஆயிரங்களைப் பிரிக்கும் குறி என்பதால், "12.5" என்ற ஸ்ட்ரிங் எந்தப் பிழையும் காட்டாமல் 125 என்ற டபுளாக வந்து சேரும். முழு எண்ணாக்கும்போதும் கவனம் தேவை: 2.9 என்ற டபுளை அடைப்புக்குறியால் இன்ட் ஆக்கினால் 2 வரும், கன்வர்ட் வழியாக ஆக்கினால் 3 வரும். அதே கன்வர்ட் 2.5ஐ 2 ஆகவும் 3.5ஐ 4 ஆகவும் தரும், ஏனெனில் சரிபாதியில் நிற்கும் எண்ணை அது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கே கொண்டுசெல்கிறது.

2022இல் வந்த டாட்நெட் 7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், டி மீது, பார்ஸ் உள்ள வகையாக இருக்க வேண்டும் என்னும் ஐபார்சபிள் என்ற கட்டுப்பாட்டை வைத்து, டி வகையின் பார்ஸையே நேரடியாக அழையுங்கள். மாற்ற வழியில்லாத வகையைக் கொடுத்தால் கம்பைலரே மறுத்துவிடும். சேஞ்ச்டைப்பை விட இதையே நான் விரும்புவேன். ஈனத்துக்கும் நல்லபிளுக்கும் மட்டும் இங்கும் தனி வழிதான்.

ஜாவாவில் தொல்லை வேறு விதமானது. 2004இல் ஜாவா 5 உடன் வந்த ஜெனரிக்ஸில் டி பற்றிய தகவல் கம்பைலுக்குப் பின் அழிக்கப்படுவதால், கட்டுப்பாடில்லாத டி என்றால், மெத்தடுக்குள் எழுதும் காஸ்ட் எதையும் சோதிப்பதில்லை. இன்டிஜர் லாங் போல நடித்து வெளியேறி, அழைத்தவரின் வரியில் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷனாக வெடிக்கும். கம்பைலர் ‘அன்செக்டு’ (சோதிக்கப்படாதது) என்று எச்சரிப்பதை அடக்கிவைக்காமல், வகையைக் குறிக்கும் கிளாஸ் ஆப்ஜெக்டையும் பாராமீட்டராக வாங்கி அதன் காஸ்ட் மெத்தடை அழைத்தால், தவறு நடந்த வரியிலேயே பிடிபடும். அதுவும் சோதனைதான், மாற்றாது. உண்மையில் மாற்றம் வேண்டுமென்றால், மாற்றும் ஃபங்ஷனையே அழைப்பவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.